மரியாதைக்குக் கொடுத்த கிளி

மசதேபே,
மழை கொஞ்சம் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சியோமாராவுக்கு உன் அம்மா எர்மெலிந்தா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பாவும் நன்றாக இருக்கிறார், அவருடைய இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் வானிலை அறிக்கை வாசிக்கிறது, மற்றபடி மாதா புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. நீ அந்த நோர்வே குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ரொட்டியையும் மீனையும் நின்றபடியே விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடுகிறாயா என்பதுதான் எனக்குக் கவலை. போனில்தான் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துவார், நான் சொல்லப்போவதோ அவரைப் பற்றி. அங்கே பஸ்ஸில் ஏறினால் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை, லிஃப்டில் எல்லாரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று வருத்தப்பட்டாயே, அதை நானும் யோசித்துப் பார்த்தேன். நீ பாட்டுக்குச் சொல்லு மகளே. பதில் சொல்லாவிட்டால் அது அவர்களை வளர்த்தவர்களின் பாடு, நீ சொல்லாமல் போனால் அது என் வளர்ப்புக்கு அல்லவா கேவலம்.

போன மாதம் நீ பேசும்போது, என்னம்மா பின்னால் மேயர் சத்தமே காணோம் என்று கேட்டாய், உன் அப்பா சட்டென்று போனைப் பிடுங்கி அது தூங்குகிறது என்றார். அது தூங்கவில்லை. வீட்டிலேயே இல்லை. உன் அப்பா அதைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார், மரியாதைக்கு. நம் கிளிக்கு மேயர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான், தேர்தலுக்கு நிற்கிறவன் மாதிரி தெருவில் போகிற வருகிற எல்லாருக்கும் அதியோஸ், அதியோஸ் என்று வணக்கம் சொல்கிறதே என்று சிரித்துச் சிரித்து வைத்த பெயர். கேட்டு முடிக்கும்வரை பதறாதே, முதலிலிருந்தே சொல்கிறேன்.

காப்பி உலர்த்தும் களத்தில் ஏதோ புது முறை சொல்லிக்கொடுக்க ஹாலந்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், பெயர் யோரிஸ், உன் வயதுதான் இருக்கும், நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாத உயரம், ஸ்பானிஷ் மொழியைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருப்பதால் பேசினால் பிரசங்கம் கேட்பது மாதிரி இருக்கும். தனியாக இருக்கிறாரே என்று ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். ஒரு மணிக்கு வாருங்கள் என்றால் மனிதர் ஒரு மணிக்கே வந்துவிட்டார். என் தலை முழுக்க முடி சுருட்டும் குழல்கள், கோழி இன்னும் அடுப்பில் ஏறவில்லை, உன் அப்பா இடுப்பில் துண்டோடு நின்றார். ஒரு மணி என்று சொன்னால் ஒரு மணிக்கு வருகிறவரை என்ன செய்வது, உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார் உன் அப்பா. வந்தவருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், இந்த ஊரில் வீட்டில் இருக்கிறதையெல்லாம் பாராட்ட வேண்டும் என்று. அவர் சுவர்க்கடிகாரம் அழகு என்றார், உங்களுடையதுதான் என்றார் உன் அப்பா. நாற்காலி அழகு என்றார், அதுவும் உங்களுடையதுதான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்போது பார்த்து மேயர் ஜன்னலோரக் கூண்டிலிருந்து தலையைச் சாய்த்து அவருக்கு ஒரு அதியோஸ் போட்டது. மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார், எவ்வளவு அழகான பறவை என்றார். உன் அப்பா கையை விரித்து, "உங்களோடதுதான் தோன் யோரிஸ், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும், இந்த ஊரில் பால்பல் விழாத குழந்தைக்கும் தெரியும், ஐயையோ வேண்டாங்க, உங்க கையிலேயே நல்லா இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும், அதோடு முடிந்தது. அவரோ எழுந்து நின்றார், காது இரண்டும் சிவந்துவிட்டது, கையை நெஞ்சில் வைத்து, "மிக்க நன்றி ஐயா. இதை நான் அன்புடன் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து யோரிஸ் கிளம்பும்போது, வெயில் படாமல் இருக்கட்டும் என்று என்னுடைய நல்ல மேசைத்துணியை எடுத்துக் கூண்டின்மேல் போர்த்தி, வாழைப்பழம் கொடுத்தால் சாப்பிடும், பப்பாளி விதை என்றால் உயிர் என்று வேறு சொல்லி அனுப்பினார் உன் அப்பா. மேயர் மேசைத்துணிக்குள்ளிருந்து தெரு முழுக்க அதியோஸ் சொல்லிக்கொண்டே போனது. நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன், பாதிப் பாத்திரம் ஏற்கனவே கழுவியதுதான், இருந்தாலும் கழுவினேன். போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க என்றதற்கு, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் எவாரிஸ்டோ என்கிற பெயருக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்டார். கிளி இல்லாத எவாரிஸ்டோவுக்கு என்ன மதிப்பு என்று மறுவாரமே தெரிந்துவிட்டது.

கண்ணாடி போட்டாலும் உன் அப்பாவுக்குத் தூரத்துப் பார்வை கிடையாது என்பது உனக்கும் எனக்கும் மேயருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தெருவில் யார் போனாலும் மேயர் அதியோஸ் சொல்லும், போகிறவர்கள் உன் அப்பாதான் சொன்னார் என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள், அதை வைத்து இவர் ஆள் யார் என்று கண்டுபிடித்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பார். இப்படியே பல வருஷம் நல்ல மனிதர் என்று பெயர் வாங்கிவிட்டார். கிளி போனதும் எதிர்வீட்டு தோன்யா புருதென்சியா நம் ஜன்னலைக் கடந்து போயிருக்கிறாள், இவர் பேப்பரிலிருந்து தலையையே தூக்கவில்லை. அவள் நேராக ரொட்டிக்கடைக்குப் போய், மகள் ஐரோப்பாவுக்குப் போனதிலிருந்து எவாரிஸ்டோவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, சாதாரண மனுஷிக்கு அதியோஸ் சொல்ல வாய் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சோளமாவும் இறைச்சியும் வைத்து வாழையிலையில் கட்டி அனுப்புவாளே நகதமால், அதுவும் நின்றுபோனது. அதைக் கேட்டுப் பயந்துபோய் உன் அப்பா அசைகிற எல்லாவற்றுக்கும் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் பால்காரருடைய கோவேறு கழுதைக்கு அதியோஸ் சொல்லி, பிள்ளைகள் எல்லாம் சுகமா என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன். பால்காரர் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார், கழுதை சார்பில் அவரே பதில் சொன்னார், நல்ல மனிதர்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு இருந்த குறை வேறு. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கேட் தாழ்ப்பாளைத் தூக்கியதும் உள்ளே நுழையும் முன்பே, "அம்மா, வந்துட்டேன், சாப்பிட என்ன இருக்கு" என்று கத்துவாயே, அந்தக் கிளிப் பிசாசு அதை அப்படியே உன் குரலில் பிடித்து வைத்திருந்தது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் போதும், உடனே சொல்லும். நீ போன பிறகும் சாயங்காலம் உன் அப்பா கடையிலிருந்து வந்து கேட்டைத் திறப்பார், கிளி உன் குரலில் கேட்கும், நான் அடுப்படியிலிருந்து கை கழுவிட்டு வா என்பேன். பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள். கிளி போன பிறகு தாழ்ப்பாள் சத்தம் கேட்கும், அப்புறம் உன் அப்பாவின் இருமல் கேட்கும், அவ்வளவுதான். நீ நினைவுக்கு வராமல் ஒரு நாளும் போகாது, ஆனால் நினைவு என்பது வேறு, காதில் விழுவது என்பது வேறு. அந்தக் கிளி திரும்பி வராவிட்டால் இந்த வீட்டில் உன் குரல் இல்லை என்றுதான் எனக்கு இருந்தது. இதை நான் உன் அப்பாவிடம் சொல்லவில்லை, அவரும் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் கேட்டைத் திறந்துவிட்டு அவரும் ஒரு நிமிஷம் நின்றுதான் உள்ளே வருவார்.

இப்படி இருக்கும்போது யோரிஸ் எங்களைக் காப்பிக்கு அழைத்தார். உன் அப்பாவுக்குக் கண் மின்னியது. "கவலைப்படாத எர்மெலிந்தா, நான் கிளியைப் பாராட்டுறேன், அவர் உங்களோடதும்பார், வேலை முடிஞ்சுது" என்றார். போனோம். இதற்குள் அவருக்குச் சமைக்கிற தோன்யா இக்னாசியா மரியாதை முறையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் போல, என் கன்னத்தில் முறையாக முத்தம் வைத்தார், ஆண்களுக்குக் கை கொடுத்தால் போதும் என்பதை அவள் சொல்ல மறந்துவிட்டாள், அதே சூட்டில் உன் அப்பா கன்னத்திலும் சத்தத்தோடு ஒன்று வைத்தார். உன் அப்பா விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். பிறகு உட்கார்ந்து, மழை, காப்பி விலை, முழங்கால் எல்லாம் பேசி முடித்து, மெதுவாகக் கூண்டுப் பக்கம் திரும்பி, ஆஹா என்ன அழகான கிளி என்றார், ஏதோ அன்றுதான் பார்க்கிற மாதிரி. யோரிஸ் உடனே எழுந்து, "இது உங்களுடையது ஐயா, எடுத்துச் செல்லுங்கள்" என்றார். அப்பாடா என்று நான் கைப்பையை எடுத்தேன். உன் அப்பா வாயைத் திறந்தார், பிறந்ததிலிருந்து பழகிய வாய் அல்லவா, "ஐயையோ வேண்டாங்க, உங்க கையிலேயே நல்லா இருக்கட்டும்" என்றது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது, காப்பி புரையேறிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கிளியைப் பாராட்டினார். யோரிஸ் மறுபடியும் உங்களுடையது என்றார். உன் அப்பா மறுபடியும் வேண்டாம் என்றார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் முகம் தொங்கிப்போவதைக் கவனித்தேன், அது ஏன் என்றுதான் புரியவில்லை.

விடைபெற எழுந்தோம். நம் ஊரில் விடைபெறுவது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டுமா, அறையில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, கேட்டில் ஒரு தடவை, மனசில் இருப்பது எப்போதும் கேட்டில்தான் வெளியே வரும். யோரிஸ் கேட்டைத் திறந்துவிட்டார், தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, உள்ளேயிருந்து நீ கூப்பிட்டாய், "அம்மா, வந்துட்டேன், சாப்பிட என்ன இருக்கு" என்று. நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோரிஸ் என்னையே பார்த்து, "அம்மா, தினமும் மாலையில் நான் வீடு திரும்பும்போது இந்தக் குரல் கேட்கிறது. இது யாருடைய குரல்?" என்று கேட்டார். என் பொண்ணு குரல் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்படியானால் இது எனக்கு உரியது அல்ல. முதல் நாளே திருப்பித் தர விரும்பினேன். பரிசைத் திருப்பித் தந்தால் உங்களை அவமதிப்பதாகும் என்றார்கள். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்றார். உன் அப்பா நெஞ்சில் கைவைத்து, ஐயையோ அப்படியெல்லாம் என்று ஆரம்பித்தார். நான் அவருடைய நல்ல காலை ஒரு மிதி மிதித்தேன். "கூண்டை எடுத்துட்டு வா தம்பி, அதான் செய்யணும்" என்றேன். என் வாழ்நாளிலேயே நான் செய்த பெரிய மரியாதைக் குறைவு அதுதான், செய்ததும் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. அந்தப் பிள்ளை கூண்டோடு மேசைத்துணியையும் துவைத்துத் தேய்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தது.

திரும்பி வரும்போது துணி போர்த்தவில்லை, மேயர் தெருவுக்குத் தெரு அதியோஸ் சொல்லிக்கொண்டே வந்தது. தோன்யா புருதென்சியா வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டு, பிறகுதான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் ஞாயிறு நகதமால் வந்துவிட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. எல்லாம் தன்னுடைய திட்டம் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும். யோரிஸ் இப்போது அடிக்கடி சாயங்காலம் வருகிறார். தாழ்ப்பாளைத் தூக்குவார், கிளி உன் குரலில் கேட்கும், நான் கை கழுவிட்டு வா என்பேன், அவர் நல்ல பிள்ளையாகப் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பீன்ஸ் சோறு சாப்பிடுவார். ஹாலந்தில் அவருக்கும் ஓர் அம்மா இருக்கிறாளாம். மற்றவர்கள் இரண்டு மணிக்கு வரவேண்டும் என்றால் ஒரு மணி என்று சொல்வோம், அவரிடம் மட்டும் இரண்டு என்றே சொல்கிறேன், அப்போதுதான் என் தலைமுடிக்கு நேரம் கிடைக்கிறது.

இந்தப் பொட்டலத்தில் மொறுமொறுவென்று சுட்ட சோள ரொஸ்கியா வைத்திருக்கிறேன், அந்த லிஃப்டில் செருப்பைப் பார்க்கிறவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடு, வாயில் ரொஸ்கியாவை வைத்துக்கொண்டு எவனாவது பேசாமல் இருக்கிறானா பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத்தலையோடு வெளியே போகாதே, ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்ற மறக்காதே. உன் அப்பா உன் நெற்றியில் முத்தம் என்று எழுதச் சொன்னார், வீட்டில் இருப்பதெல்லாம் உன்னுடையதுதான் என்றும் எழுதச் சொன்னார், இந்தத் தடவை அதை நம்பலாம். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். டிசம்பரில் வரும்போது முன்கூட்டிப் போன் செய்யாதே, நீயே வந்து தாழ்ப்பாளைத் தூக்கு. நான் அடுப்படியில்தான் இருப்பேன். முதலில் கூப்பிடுவது நீயா, கிளி பிடித்து வைத்திருக்கிற உன் குரலா என்று எனக்குத் தெரியாது, அதனால் இரண்டு தடவை கேட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன், சத்தமாகக் கூப்பிடு.

என்றும் உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
எர்மெலிந்தா