அந்தியேட்டியில் சொல்லாத பெயர்

என் அன்பு அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம். தர்மபுரத்தில் இந்தமுறை மழை பிந்திவிட்டது, வயல் இன்னும் விதைக்கவில்லை. உங்கள் கட்டிலை இடம்விட்டு அரக்க அண்ணி விடுகிறா இல்லை.

ஒன்று சொன்னால் ஏசுவீர்கள். வவுனியாவில் பத்து நாள் புத்த தியானம் பழகப் போனேன். "உனக்கு வேற கோயில் கிடைக்கேல்லையோ?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புத்தர் என்றால் எங்களுக்குச் சந்தியில் ஆமிக் காவலோடு திடீரென்று முளைக்கும் சிலைதானே. ஆனால் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை, சோறும் இறங்கவில்லை.

அங்கே பேசக்கூடாது. கண்ணை மூடி மூச்சைப் பார்க்க வேண்டும். பழக்கியவ ஓய்வுபெற்ற ஒரு தமிழ்த் தாதி. "வாற நினைப்பைத் துரத்தாதேங்கோ, பிடிச்சு வைக்கவும் வேண்டாம். பாத்துக்கொண்டிருங்கோ, அது போயிடும்" என்றா. முழங்கால் வலி வந்தது, போனது. உங்கள் கடைசி இருமல் வந்தது, அழுதேன், அதுவும் போனது. அண்ணா மட்டும் போகவில்லை. ஆறாம் நாள்தான், அண்ணாவின் முகத்தோடு என் பொய் வந்து குந்தியிருப்பதைக் கண்டேன்.

அம்மா, கடைசிச் சண்டையில் அண்ணா கடற்கரையில் ஷெல் பட்டு என் மடியில்தான் முடிந்தார். கையால் மணலைத் தோண்டி நான்தான் மூடினேன். அகதி முகாமில் என்னைக் கண்டதும் "அவன் எங்கையடா?" என்றீர்கள். பக்கத்தில் அண்ணி நின்றா. "ஆமியிட்ட சரணடைஞ்சவர், பஸ்ஸில ஏத்தினதைக் கண்டனான்" என்று சொல்லிவிட்டேன். ஒரு கிழமை தாங்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதை நம்பி நீங்கள் இரண்டு பேரும் அவர் படத்தோடு, காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுப் போராடும் வீதியோரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தீர்கள். வெயிலில் உங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து தந்தவனும் நான்தான்.

அந்தியேட்டியில் ஐயர் முன்னோர் பெயர்களைக் கேட்டார். சொன்னேன். "வேற ஆரும் மோசம் போனவை, காலமானவை இருக்கினமோ?" என்றார். பின்னால் அண்ணி குங்குமப் பொட்டோடு நின்றா. "இல்லை ஐயா" என்றேன்.

தியானம் முடிந்து வந்த அன்று அண்ணி தேத்தண்ணி தந்தா. "தம்பி, உங்கட முகம் தெளிஞ்சிருக்கு. எனக்கும் அந்தத் தியானத்தைச் சொல்லித் தாங்கோவன். என்ர மனம் எந்த நேரமும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலதான் ஓடுது."

குடிக்காமல் எழும்பிப் போய்விட்டேன். நான் ஓட்டிவிட்ட பஸ் அம்மா அது. அவவுக்கு மூச்சைப் பார் என்று எந்த வாயால் சொல்ல?

நீங்கள் போன இடத்தில் அண்ணாவைக் கண்டிருப்பீர்கள். அவர் சொல்லியிருப்பார். என்னை ஏசினீர்களா? இல்லை, அழுதீர்களா?

நாளைக் காலை அண்ணி கொட்டிலுக்கு வெளிக்கிட முதல் குசினி அடுப்படியில் இருத்திச் சொல்லப் போகிறேன். தும்புத்தடியால் அடித்தாலும் வாங்குவேன். வருட முடிவில் வரும் உங்கள் ஆட்டைத் திவசத்தில் ஐயர் கேட்கும்போது அண்ணாவின் பெயரைச் சொல்வேன், இது சத்தியம். அண்ணி அங்கே நிற்பாவோ தெரியாது.

அண்ணாவை மண்ணில் வைத்த தம்பி,
உங்கள் இளைய மகன்.