வீட்லதான் இருக்கேன்

அன்புள்ள அத்தைக்கு,

அவர் என்னைத் தனியாக அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். நேற்று ராத்திரி போனில் நீங்கள் கேட்டதற்குப் பாதிதான் பதில் சொன்னேன். உங்கள் பக்கம் ஸ்பீக்கரில் உங்கள் பெரிய பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்தார். மீதி இதில்.

நாங்கள் நலம். கார்தான் நேற்று நலமில்லாமல் போனது, ராத்திரியே சரியாகிவிட்டது. இந்த ஊருக்குள் நுழையும்போதே கிளட்ச் போய்விட்டது. பட்டறைக்காரர் மாலைக்குள் முடித்துத் தருகிறேன் என்றார். மெக்கானிக்குகள் மேல் உங்கள் சின்னப் பிள்ளைக்கு இருக்கும் நம்பிக்கை உங்களுக்குத் தெரியாததா. ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "கண்ணை எடுத்தா பழைய பார்ட்டையே மாட்டிடுவான்" என்று என் காதில் சொன்னார். பட்டறைக்காரருக்கும் கேட்டது. "சார், சந்தேகமா இருந்தா நீங்களே அடியில படுத்து மாட்டுங்களேன், நான் உக்காந்து பாக்கறேன்" என்றார் அவர்.

என்னை லாட்ஜ் அறைக்குப் போய்ப் படுக்கச் சொன்னார் உங்கள் பிள்ளை. ஊரை இன்னொரு தடவை வந்து சேர்ந்து பார்த்துக்கொள்ளலாமாம். எதிரில் ஒரு பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

பயமாக இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தது. முதல் சில நிறுத்தங்கள்வரை கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தூங்கி என் தோளில் சாய்ந்தாள். கை வலித்தது. பையை மடியில் வைத்தேன். அவ்வளவுதான் பயம்.

ஆறு. பெரிய பாலம். பாலத்தின் நடுவில் நின்றால் லாரி போகும்போதெல்லாம் உள்ளங்கால் அதிர்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் முழுக்க நாற்காலிகள், ராஜாக்கள் உட்கார்ந்தவை. நாம் உட்காரக் கூடாது. காவலாளி மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். இருப்பதிலேயே அதுதான் வசதியாகத் தெரிகிறது என்றேன். "சத்தமா சொல்லாதீங்கம்மா, இதையும் கண்ணாடிக்குள்ள வெச்சுட்டா நான் எங்க உக்கார்றது" என்றார்.

உங்கள் பிள்ளையோடு போனால் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். தனியாகப் போனால் பார்க்காமலும் இருக்கலாம். இது எனக்கு நேற்றுவரை தெரியாது.

அவர் போன் செய்துகொண்டே இருந்தார். எங்கே இருக்கே, சாப்பிட்டியா, கூட்டமா இருக்கா. அக்கறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பதில் சொல்லி முடித்ததும் நான் நின்ற இடம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு டிராமில் ஏறி அது போகும் இடம்வரை போனேன். கடைசி நிறுத்தத்தில் பார்க்க ஒன்றுமில்லை. மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகை, ஒரு டீக்கடை, டிராம் திரும்பும் வட்டம். வட்டத்துக்குள் புல். பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோடும் பேசாமல் என் மனசு ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

அப்போது போன். எங்கே இருக்கே.

ரூமுக்கு வந்துட்டேன், லேசா தலைவலி, படுத்திருக்கேன் என்றேன்.

டிராம் மணி அடித்தது. என்ன சத்தம் என்றார். கீழே ஐஸ்காரன் என்றேன். நம்பிவிட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கே எதுக்குப் போனே என்பார். எதற்குமில்லை. அதைப் புரியவைக்க ஒரு மணி நேரம் பேச வேண்டும். பொய் சின்னதாகக் கையில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

உடனே உங்கள் நினைவு வந்தது அத்தை.

"வீட்லதான் இருக்கேன்" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் பின்னால் கண்டக்டர் விசில் கேட்கும். ஒருமுறை "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றே கேட்டது. டிவி என்றீர்கள். இன்னொரு முறை ஹாரன். மிக்சி என்றீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் விசில் கேட்டதேயில்லை. வேறு கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்ததாக அம்மா சொன்ன நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஊர்க்கோடிச் சந்தையில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். இப்பத்தான் தூங்கி எழுந்தேன் என்று அம்மா சொன்னபோது வீடு வெளியே பூட்டியிருந்திருக்கிறது. ஆக, தான் எங்கே இருந்தோம் என்பதே அம்மாவுக்கு நினைவில்லை. நல்ல பிள்ளைகள். அம்மா பொய் சொல்லுவாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் அங்கே வந்திருப்பது சும்மா விருந்துக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூட்டிப்போவதாக முடிவாகிவிட்டது. மூளை டாக்டரிடம் நாள் வாங்கியாகிவிட்டது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்தாகிவிட்டது. அவர் வீட்டில் கொஞ்ச நாள், எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் என்று உங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். எல்லாம் ஆகிவிட்டது, உங்களிடம் சொல்வதைத் தவிர. அந்த வேலைதான் எனக்கு. "நீ சொன்னா கேப்பாங்க, பக்குவமா எழுது" என்று காலையில் காகிதமும் பேனாவும் வாங்கிவந்து தந்தார் உங்கள் பிள்ளை. பக்குவம் எனக்கு இவ்வளவுதான் வரும்.

உங்களுக்கு மறதி இல்லை. மறதிக்காரருக்கு மிக்சி அவ்வளவு சட்டென்று வாயில் வராது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை கைக்கு வந்துவிடும். அன்றைக்கே பெரியவரை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். எந்த பஸ், எங்கே இறங்கினீர்கள், என்ன பார்த்தீர்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்றால் அதையும். கோபப்படுவார். கத்துவார். பொய்க்காரி என்று மகனிடம் திட்டு வாங்கலாம் அத்தை, அது ஒரு நாள் சண்டை. அவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிட்டால் பிறகு சண்டை போடவும் முடியாது. சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள்.

எங்களோடு இருக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும் நாளில் வாருங்கள். அறை இருக்கிறது. அது வேறு பேச்சு.

எழுதியதை அனுப்பும் முன் தன்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறார் உங்கள் பிள்ளை. காட்டப்போகிறேன். என் தலைவலி விஷயமும் இன்றைக்கு வெளியே வரும். இது உங்கள் கைக்கு வரும்போது அந்தச் சண்டை முடிந்திருக்கும், இருந்தாலும் எனக்காக ஒரு வார்த்தை நல்லதாக நினைத்துக்கொள்ளுங்கள். நானும் உங்களுக்காக அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
சின்ன மருமகள்.

பின்குறிப்பு: படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். ஐஸ்காரனா என்று மட்டும் கேட்டார். பெரியவரைக் கூப்பிடப் போனை எடுத்து, எண்ணைத் தட்டி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். "அம்மாவே சொல்லட்டும்" என்றார். குளிக்கப் போயிருக்கிறார். நான் பைகளைக் கீழே கொண்டுபோய்க் காரில் ஏற்றிவிட்டு வந்தேன்.