சற்றுப் பிந்தி விழும் பேஸ்

ஜொகூரில் இருக்கும் என் பேஸ்காரருக்கு,

உங்கள் தங்கை ரமணியின் கல்யாண விருந்தில் ஆட ஹவுஸ் நடனப் பாட்டு தயார். நீங்கள் இல்லாததால் பேஸ் கிட்டாருக்குக் கணினியில் மூன்று மென்பொருள்களை வாசிக்க வைத்துப் பார்த்தேன். விரல் கம்பியில் உரசும் சத்தம் உள்ளதை எடுத்தேன். அப்போதும் ஏதோ இடித்தது. நீங்கள் தாளத்துக்குச் சற்றுப் பிந்தித்தானே வாசிப்பீர்கள்? ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

ஃபெர்ரிப் படகில் வந்திறங்கிய ரமணி, உள்ளே ஓடிய பாட்டைக் கேட்டு வாசலிலேயே "அண்ணி, அண்ணே வந்துட்டாரா? சொல்லவே இல்லையே லா!" என்று கூவி, அறையெல்லாம் தேடினாள். அவளோடு வந்த மாமா, உங்கள் அப்பா, உங்கள் மேல் இருக்கும் கோபத்தில் இன்னும் உங்கள் பேரை எடுக்கவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார்.

சனிக்கிழமை விருந்து. பாட்டின் நடுவில் பேஸ் இல்லாமல் ஓர் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டியாயிற்று.

பிந்தி வந்தாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டுக்காரி