ஆமை ஏறிய தோணி

மருதமுனை
2025 ஜனவரி 12

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உம்மா ஸலாம் சொன்னா.

போனில் "சாப்பிட்டயா மகள், படிச்சயா மகள்" என்பதற்கு மேல் நீங்கள் கதைப்பதில்லை. அதனால்தான் கடிதம். எங்கள் வகுப்புக்குக் கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள். தலைப்பு, என்னை வாசகியாக்கிய புத்தகம். அஸர் தொழுகைக்குப் பிறகு என்னை மடியில் வைத்து வாசிப்பீர்களே, அந்த ஆமைப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆமை தோணியில் ஏறிக் கடலுக்குப் போகும். நண்டுகளின் தொகை ஒவ்வொரு நாளும் மாறும். "நேத்து மூணு நண்டெல்லோ?" என்று நான் கேட்டால், "ஒண்டுக்கு இண்டைக்குக் காய்ச்சல் மகள், வரல்ல" என்பீர்கள்.

முடிவு மறந்துவிட்டது. நீங்கள் வாசித்தபடியே எழுதி அனுப்புங்கள்.

உங்கள் அப்னா

தோஹா
2025 பெப்ரவரி 20

பாசத்துக்குரிய அருமை மகளுக்கு,

இறைவன் திருவருளால் நலமே உள்ளேன். உன் மடல் கண்டு உள்ளம் நெகிழ்ந்தேன். அறையில் நம் பக்கத்து ஊர் பாண்டிருப்புப் பூபாலசிங்கம் இருப்பதால் தமிழில் கதைக்க ஓர் ஆள் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் நேபாளிகள். உனக்குக் கட்டும் வீட்டின் கூரை வேலை முடிந்ததும் வந்துவிடுவேன்.

கதையின் முடிவு புத்தகத்திலேயே இருக்கிறதே மகள். அதைப் பார்த்து எழுது. நான் பிழையாகச் சொன்னால் உனக்குப் புள்ளி குறைந்துவிடும்.

என்றும் உன் நலம் நாடும் தந்தை,
பளீல்

மருதமுனை
2025 மார்ச் 9

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் ஸலாம் சொல்ல மறந்துவிட்டீர்கள். "மடல்", "தந்தை" எல்லாம் எங்கே பழகினீர்கள்? உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தா, பிறகு அடுப்படிக்குப் போய்விட்டா.

புத்தகத்திலுள்ள முடிவு எனக்கு வேண்டாம். புள்ளியும் வேண்டாம். நீங்கள் சொன்ன முடிவுதான் வேண்டும்.

அப்னா

தோஹா
2025 ஏப்ரல் 2

அன்பு மகள் அப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பூபாலசிங்கம் ஒரேயடியாக ஊருக்கு வருகிறார். ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறேன், தம்பியின் காலுக்குச் சப்பாத்தும் இருக்கிறது. எனக்கு வேலை கூடிவிட்டது, இனிக் கடிதம் எழுத நேரம் கிடைக்காது. போனில் கதைப்போம்.

கட்டுரையில் புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுது மகள். என்னைப் பற்றி எழுதாதே.

வாப்பா

மருதமுனை
2025 ஏப்ரல் 27

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். பூபாலசிங்கம் அங்கிள் நேற்று வந்தார். தேத்தண்ணி குடித்தார், உங்கள் இருமலைப் பற்றிச் சொன்னார். கடிதங்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. போகும்போது உம்மா கேட்டாவென்று ஒரு கடதாசித் துண்டில் தன் பெயரையும் நம்பரையும் எழுதித் தந்தார். உங்கள் கடிதங்களில் இருந்த அதே எழுத்து. உம்மா என் முகத்தைப் பார்க்காமலே துண்டை வாங்கி மடித்தா.

நீங்கள் எழுத்துப் படிக்காமலே பள்ளிக்கூடத்தை விட்டு மீன்பிடித் தோணிக்குப் போனவர் என்று எனக்கு இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே விளங்கிவிட்டது. எழுத்துக்கூட்டப் பழகியதும் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். நீங்கள் தோஹாவுக்குப் போய் அப்போது ஒரு வருஷம், உங்கள் குரல் அதற்குள் இருக்கும் என்று நினைத்தேன். தாய் சொல் கேளாத ஆமை அடி வாங்கி ஓட்டுக்குள் ஒளிகிறது, அவ்வளவுதான் கதை. அதிலுள்ள ஒரு படத்தின் மூலையில் தோணி நிற்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புத்தகம் பொய் சொல்கிறது என்று அழுதேன் வாப்பா. உங்கள் கதை வேறு புத்தகத்தில் இருக்கும் என்று நூலகத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் தேடினேன். கிடைக்கவேயில்லை. தேடித் தேடியே வாசிக்கிறவளாகிவிட்டேன்.

கட்டுரையில் எழுத நினைத்தது இதைத்தான். நீங்கள் வேண்டாம் என்றதால் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, வாப்பா.

இதை உங்களுக்கு வாசித்துக்காட்ட அறையில் இனி ஆளில்லை. வேறு ஆளிடம் கொண்டுபோய்க் கேட்கவும் மாட்டீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் வாசிப்பீர்கள் என்றால் இவ்வளவையும் எழுத எனக்குத் துணிவு வந்திருக்காது.

மறுபக்கத்தில் ஒரு படம் கீறியிருக்கிறேன். ஆமை, தோணி, மூன்று நண்டு. அதைக் கண்டதும் என்ன செய்ய வேண்டுமென்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எப்போதும் எடுக்கிறபடி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

"சாப்பிட்டயா மகள்" என்று மட்டும் கேட்டீர்களென்றால், தபால் இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த வெள்ளியும் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன்.

உங்கள் அப்னா