படிவத்தில் கேட்ட ஐந்து கேள்விகள்

பெப். 9, திங்கள்

உறுதியானது: மகள் நிலானியின் வகுப்புக் கல்விச் சுற்றுலா தற்காலிக நிறுத்தம். சொன்னவர் பொறுப்பாசிரியை, தொலைபேசியில், பி.ப. 4.10. காரணம் நான்.

வெள்ளியன்று மகள் சம்மதப் படிவத்தை நீட்டினாள். கண்டி, பேராதனை, மகாவலி ஆறு. வரும் சனி தொடக்கம் மூன்று நாள். கையெழுத்துக்குக் கீழே வெற்றிடம். நிருபர் பழக்கதோஷம், ஐந்து கேள்வி எழுதிவிட்டேன். பஸ்ஸின் தகுதிச் சான்றிதழ் எதுவரை? இரவில் ஓடுமா? இரண்டாவது சாரதி உண்டா? தங்குமிடத்தை யார் நேரில் பார்த்தது? வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து அனுமதி எங்கே?

ஐந்தாவதில் பாடசாலை அதிபர் வெருண்டுவிட்டாராம். அனுமதி இன்னும் வரவில்லை. ஆசிரியை சொன்னார்:

"பேப்பரிலை வரப்போகுது எண்டு பயந்திட்டார் அண்ணை. எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே?"

எடுத்திருக்கலாம்.

பெப். 10, செவ்வாய்

காலையில் பனி. மருதனார்மடம் சந்தை, வெங்காய விலை, செய்தி அனுப்பியாயிற்று. மோட்டார் சைக்கிள் பிரேக் பார்க்க வேண்டும்.

நிலானி என்னோடு கதைக்கவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தாயோடு, எனக்கும் கேட்கிற சத்தத்தில்:

"உயர்தரச் சோதினைக்குப் புவியியல் படிக்கிறன். ஆறு எங்கை வளையும், எங்கை மண்ணைப் போடும் எண்டு பக்கம் பக்கமா எழுதுறன். ஒரு ஆத்தை நேரிலை கண்டதில்லை அம்மா."

"வழுக்கையாறு இருக்கெல்லோ?"

"மழைக்கு மட்டும் ஓடுறது ஆறே? இப்ப அதுக்குள்ளை மாடு மேயுது."

சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள் என்று பத்திரிகையில் இரண்டு தரம் எழுதியவன் நான். இரண்டு தரமும் மற்றவர்களின் பிள்ளைகள். சுற்றுலா பஸ் விபத்துச் செய்திகளும் நான்தான் எழுதினேன். பெயர், வயது, ஊர்.

கேள்விகளைத் திரும்ப வாசித்தேன். எதை வெட்டுவது? ஒன்றையும் வெட்ட முடியவில்லை. பிறகு ஏன் குற்றவாளி மாதிரி இருக்கிறது?

பெப். 11, புதன்

தெல்லிப்பழையிலிருந்து ஒரு தாய், தொலைபேசியில். மகளின் வகுப்புத்தோழியின் அம்மா.

"நீங்கள்தானே உந்தக் கேள்வியெல்லாம் கேட்டனீங்கள்? என்ரை பிள்ளை ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்த ரெண்டாவது சாரதி... இருக்கிறாரோ?"

"இன்னும் தெரியாது."

"அறிஞ்சால் எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

பணிமனைக்குப் போனேன். கோப்பு மேசையில். பணிப்பாளர் கொழும்பில். எழுதுவினைஞர்: "ஐயா செய்திக்கு வந்தனீங்களோ, பிள்ளைக்கு வந்தனீங்களோ?" பிள்ளைக்கு என்றேன். கையில் குறிப்புப் புத்தகமும் பேனையும்.

பெப். 12, வியாழன்

வெயில். நிலானி வந்து முன்னால் நின்றாள்.

"நாலு கேள்விக்கு ரீச்சர் பதில் எழுதித் தந்தவா. ரெண்டாவது சாரதியும் இருக்கிறார். கடிதம் வராட்டிலும் போகலாம் எண்டு சில அம்மாமார் அதிபரோடை கதைக்கினம். அப்பிடி வெளிக்கிட்டால் என்னை விடுவியளோ அப்பா?"

தெல்லிப்பழைத் தாய்க்குச் சாரதி விபரம் சொன்னேன்.

நிலுவை:
அனுமதிக் கடிதம். நாளை முற்பகல், பணிப்பாளர் திரும்பியதும்.
அதிபரின் முடிவு. அதன் பிறகு.
நிலானிக்கு என் பதில். பஸ் சனி அதிகாலை 4.30. அதற்கு முன்.