பெரட்டுக்கு மழை லீவு இல்லை

தோட்டப் பாடசாலை,
அக்கரப்பத்தனை.
16.6.1954

அன்புள்ள றோலண்டுக்கு,

டோரீன் எழுதிக்கொள்வது. சுகமா என்று விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லாத கோபத்தில் இருக்கிறேன், மன்னியுங்கள்.

இங்கே பத்து நாளாக விடாத மழை. போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு கொஞ்சம் சரிந்து சுவரோரம் வந்து நின்றது. உடனே தோட்டத்தை நடத்தும் துரையிடமிருந்து உத்தரவு: பிள்ளைகளின் பாதுகாப்புக்காக மறு அறிவித்தல் வரை பாடசாலை மூடப்படும். நல்ல மனுஷர்தான் என்று நானும் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

திங்கட்கிழமை விடியலில் பெரட்டுக்களம் பக்கம் போனேன். ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் அந்த இடத்தில், தாய்மாருக்குப் பின்னால் என் ஐந்தாம் வகுப்பு வரிசையாக நிற்கிறது! தலையில் கம்பளி, முதுகில் கூடை. பதினோரு வயதுக் காளியாயிக்குக் கூடை முழங்காலைத் தட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால் ஆபத்தாம். அதே மழையில், அட்டைப்பூச்சிக் கடியில், வழுக்குகிற மலையில் நின்று தேயிலைக் கொழுந்து எடுத்தால் ஆபத்தில்லையாம். இது எந்த ஊர் நியாயம்?

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் கேட்டேன். "பள்ளிக்கூடந்தான் பூட்டியாச்சே டீச்சரம்மா. புள்ளைங்க லயத்து வீட்டுல சும்மா குந்திக்கிட்டு என்னா செய்யப் போகுதுங்க?" என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் றொசல்லயில் கம்பெனியின் பெரிய கந்தோரில்தானே இருக்கிறீர்கள். எல்லாத் தோட்டத்துக் கடிதமும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். யாருக்கு எழுதினால் இது நிற்கும்? உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
டோரீன்


றொசல்ல.
21.6.1954

என் அன்பு டோரீனுக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. ரயில் பாதையில் மண் விழுந்து தபால் எல்லாம் தலவாக்கலையில் கிடந்ததாம்.

உன் கோபம் எனக்குப் புதிதா? அதைப் பார்த்துத்தானே பெண் கேட்டு வந்தேன். ஆனாலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மழை விட்டால் பள்ளிக்கூடம் தன்னால் திறக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்து எடுப்பது இன்றைக்கு நேற்றா நடக்கிறது?

ஆகஸ்டில் நம் கல்யாணம். எனக்குப் பெரிய கிளாக்கர் வேலையும் தனி வீடும் கொடுப்பதாகத் துரைமார் பேசிக்கொள்கிறார்கள். இந்த நேரத்தில் நீ அங்கே இங்கே மனு எழுதப் போகாதே. எனக்காகச் சும்மா இரு, கண்ணே. கல்யாணச் சேலை எடுக்கக் கண்டிக்குப் போக வேண்டும் என்கிறார்கள் அம்மா. என்ன நிறம் வேண்டும் என்று எழுது.

என்றும் உன்,
றோலண்ட்


அக்கரப்பத்தனை.
2.7.1954

அன்புள்ள றோலண்டுக்கு,

சேலை நிறத்தைப் பிறகு பார்ப்போம்.

நாலு நாளாக இங்கே வெயில். காளியாயியின் தாய் மீனம்மாவும் நானும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து அந்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டோம். பள்ளிக்கூடம் காய்ந்து கிடக்கிறது. சாவிதான் வரவில்லை. தோட்டத்துக் கந்தோரில் போய்க் கேட்டால், "தொறக்க புள்ளைங்க எங்கேம்மா இருக்கு?" என்கிறார் கிளாக்கர் கந்தப்பன்.

பதினேழு பேருக்குப் பேர் பதிந்தாகிவிட்டதாம்! உங்களுக்குத் தெரியாததா? தோட்டத்துக் கூலிக் கணக்கான செக்றோலில் ஒருமுறை பேர் ஏறினால் அது தொழிலாளி. பிறகு எந்தக் கணக்கப்பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டான். மிச்சம் பதினொரு பொடிசுகள். இத்தனை பேருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்கிறார்கள். மழைக்கு மூடியதை அப்படியே மூடிவிடப் பார்க்கிறார்கள்.

மீனம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மழை முடியுமட்டுந்தான்னு சொன்னாங்க டீச்சர். நம்பி ரேகை வச்சுட்டேன். அது பேர் பதியிறதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

யார் உத்தரவு, காட்டுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். கந்தப்பன், பாவம், ஃபைலைத் திருப்பிக் காட்டினார். மழை நாட்களில் பாடசாலையை மூடிப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைப் பேர் பதியலாம் என்று எல்லாத் தோட்டத்துக்கும் போன சுற்றறிக்கை. தேதி ஜூன் ஐந்து. இங்கே மண் சரிந்ததே பத்தாம் தேதிதான்! கீழே எழுதியவர் பெயர்: றோலண்ட். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எத்தனை காதல் கடிதம் வாசித்திருக்கிறேன்!

என் முதல் கடிதத்தைப் படித்தபோதே உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே நிதானம் என்று எழுதினீர்களே, வெட்கமாக இல்லை? சுற்றறிக்கையை வரி விடாமல் பிரதி எடுத்து, நேற்றே கல்விக் கந்தோருக்கு மனு அனுப்பிவிட்டேன்.

டோரீன்


றொசல்ல.
5.7.1954

டோரீனுக்கு,

துரை சொன்னார், நான் எழுதினேன். நான் எழுதாவிட்டால் அடுத்த மேசைக்காரன் எழுதியிருப்பான். கூடை சுமந்தவளின் மகன் நான். எவ்வளவு பாடுபட்டு இந்த நாற்காலிக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். அதை விட்டுவிடச் சொல்கிறாயா?

உன் மனுவைப் பற்றி இங்கே தகவல் வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை கல்விக் கந்தோர் இன்ஸ்பெக்டர் அங்கே வருகிறார். பிள்ளைகள் தாமாகவே நின்றுவிட்டார்கள், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடு. எல்லாம் அடங்கிவிடும். கோயிலில் இரண்டு ஞாயிறு ஆராதனையில் நம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்று முறை வாசிக்க வேண்டியதில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. கெஞ்சிக் கேட்கிறேன், நம் வாழ்க்கையைக் கெடுத்துவிடாதே.

உன்,
றோலண்ட்


அக்கரப்பத்தனை.
8.7.1954

றோலண்ட் அவர்களுக்கு,

அந்த இரண்டு வரியை எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை பதினேழு பிள்ளைகளும் பெரட்டுக்குப் போகமாட்டார்கள். தாய்மார் அவர்களைக் குளிப்பாட்டி, தலைசீவி, சிலேட்டோடு பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டார்கள். மீனம்மா இன்ஸ்பெக்டரிடம் பேசுவாளாம். "ரேகை வச்ச கைதானே டீச்சர், நானே காட்டுறேன்" என்கிறாள். மாதக் கடைசியோடு வேலையை விட்டுப் போகச் சொல்லித் துரை எனக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். போகட்டும்.

கூடை சுமந்தவளின் மகன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அம்மா உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய காலத்திலும் மழை பெய்திருக்கும். அன்றைக்கு ஒரு கிளாக்கர் உங்களுக்குப் பேர் பதிந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் எந்த மலையில் நிற்பீர்கள்? அதை யோசித்துப் பார்த்தீர்களா? எனக்கு ஆறவில்லை, றோலண்ட். அழுதும் பார்த்துவிட்டேன், ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. வாசித்து முடித்ததும், இந்த விவாகத்துக்கு ஆட்சேபனை உள்ளவர்கள் உண்டா என்று போதகர் ஐயா கேட்பார். நான் எழுந்து நிற்பேன். காரணம் கேட்டால், உங்கள் சுற்றறிக்கையைச் சபைக்கு வாசித்துக் காட்டுவேன்.

டோரீன்