ஏப்ரலில் பேசிய விலை

ஜூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. அரிசி மாவு வறுக்க வேண்டும். சனிக்கிழமை கோயிலுக்கு முறுக்கு கேட்டிருக்கிறார்கள். இவர் போன பிறகு வந்த முதல் ஆர்டர். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மத்தியானம் சிவம் போன். இவரோடு செனாய் ஃபேக்டரியில் வேலை செய்தவர், இப்போது இந்தியாவிலிருந்து சமையல் மிஷின்களைத் தருவித்து விற்கிறார். ஏப்ரலில் இவர் சொல்லி வைத்த முறுக்கு மிஷின் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, இப்போது கப்பலில் இருக்கிறதாம். அப்படி ஒன்று வருகிறது என்பதே எனக்கு நினைவில் இல்லை.

"அண்ணி, இன்னொரு விஷயம். ஜூலை ஒண்ணுலேருந்து இந்த மாதிரி மிஷினுக்கும் விற்பனை வரி போடறாங்க. இதுவரைக்கும் இல்ல. இனிமே அஞ்சு பெர்சன்ட்."

"நாங்க ஆர்டர் போட்டது ஏப்ரல்லயே. பாதிப் பணமும் கட்டியாச்சே தம்பி."

"ஆர்டர் போட்ட நாள் கணக்குல வராது அண்ணி. கஸ்டம்ஸ்ல சாமான வெளிய விடற நாள்தான் கணக்கு. முப்பதாந்தேதிக்குள்ள கப்பல் பாசிர் கூடாங் துறைமுகம் வந்து கிளியர் ஆச்சுன்னா தப்பிச்சோம். இல்லன்னா கட்டித்தான் ஆகணும் லா."

போனை வைத்துவிட்டு வந்தால் மாவு கருகியிருந்தது. கொட்டிவிட்டு மறுபடி வறுத்தேன்.

ஜூன் 25, புதன்

மழை இல்லை. ஒரே புழுக்கம். உளுந்து அரைத்தாயிற்று. எள் வாங்க வேண்டும்.

இவருக்கு ஜனவரியில் வேலை போனது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்த வேலை. கொஞ்ச நாள் யாரோடும் பேச்சில்லை. பிறகு ஒரு சாயங்காலம் நான் சுட்ட முறுக்கைத் தின்றுகொண்டே, "இதையே பெரிசா செஞ்சா என்ன?" என்றார். அன்றிலிருந்து அதே பேச்சுதான். கோயம்புத்தூருக்கு எத்தனை போன்! கார் நிறுத்தும் இடத்தில் மேலும் கீழும் நடந்தபடி பேசுவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதினெட்டாயிரம் ரிங்கிட் வெள்ளிக்குப் பேசி முடித்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "முடிச்சிட்டேன் பரமு. இதுக்கு மேல ஒரு காசு ஏறாது."

இந்த வருஷத்தில் அன்றுதான் சிரித்தார்.

மே மாதம் பெட்ரோல் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதை எழுதக் கூடாது என்றிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

பொது விடுமுறை. நிஷாவுக்குக் காலேஜ் இல்லை. பத்து மணி வரை தூங்கினாள். எழுப்பவில்லை. அப்பா இருந்தால் விட்டிருக்க மாட்டார்.

காலையில் சிவத்துக்கு நானே போன் செய்தேன். குரல் ஏறிவிட்டது. பேசின விலை பேசின விலைதானே, நடுவில் எப்படி மாற்றலாம் என்று கேட்டேன். "கவர்மென்ட் போடற வரிய நான் எப்படி அண்ணி நிறுத்தறது?" என்றார். பாவம், அவருக்கும் குரல் உடைந்தது.

நி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தொள்ளாயிரம் வெள்ளிம்மா. அதுக்குப் போய் அங்கிள்கிட்ட இப்படிக் கத்துவியா?"

"உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லேன்."

மாவு சலிக்கப் போய்விட்டேன். இவர் கடைசியாக முடித்த காரியம் அந்த விலைதான். அதை வேறு யாரோ தொட்டு மாற்றுகிறார்கள். தொள்ளாயிரம் இல்லை, ஒன்பது காசு என்றாலும் கத்தியிருப்பேன்.

ஜூன் 28, சனி

முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். பதம் சரி. உப்பு கொஞ்சம் கம்மி, யாரும் சொல்லவில்லை.

கை கழுவப் போனபோது தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இரண்டு பேர்.

"மிஷின் வேற சொல்லி வெச்சிருந்தாராம்."

"அலமாக்! இனி அத யாரு கட்டி மேய்க்கறது?"

என்னைப் பார்த்ததும், "தீபாவளிக்கும் நீங்கதானேக்கா?" என்றார்கள். தலையாட்டினேன்.

ஜூன் 30, திங்கள்

கப்பல் இன்னும் கிள்ளான் துறைமுகத்திலேயே நிற்கிறது. சிவம் காலையிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனபோதும்.

ஜூலை 1, செவ்வாய்

சீனர் கடையில் அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், எள். ஒவ்வொன்றாக விலை கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "தாக் நாயிக் லா, அக்கா. சமா சாஜா." எதுவும் ஏறவில்லை, எல்லாம் பழைய விலையாம். அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே வந்தேன். எதிரில் வந்தவர்கள் வேர்வை என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை 4, வெள்ளி

என் அண்ணன் கோத்தா திங்கியிலிருந்து வந்தார். ரம்புத்தான் ஒரு கட்டு, ஆற்று மீன். சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ள இருந்தா கத வேற. நீ தனியா மிஷின வெச்சிக்கிட்டு என்னம்மா செய்வ? வித்துடு. கட்டின பணமாச்சும் கைக்கு வரும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. இவருடைய சேமநிதிப் பணம் இன்னும் வரவில்லை. மீதிப் பாதி கட்ட வேண்டும், அதோடு வரி. வீட்டுத் தவணை. நி. ஃபீஸ்.

சிவத்திடம் விற்கச் சொல்லிவிட்டேன். குளுவாங்கில் ஒரு அம்மா பலகாரக் கடை வைத்திருக்கிறாராம், புது விலைக்கே எடுத்துக்கொள்வாராம். அவர் வாங்கினால் நாங்கள் கட்டிய பணம் முழுதாகத் திரும்பி வரும். சிவம் தயங்கித் தயங்கி, "அண்ணி, வரி உங்களுக்கு பாரமா இருந்தா பாதி நான் போட்டுக்கறேன். அண்ணன் எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காரு" என்றார். வேண்டாம் என்றேன். வரியினால் இல்லை தம்பி என்றும் சொன்னேன். வேறு எதனால் என்று அவர் கேட்கவில்லை.

நி. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 7, திங்கள்

ஃபேக்டரி கேன்டீனில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நாளை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். கறுப்பு ஷூ வேண்டுமாம்.

இவருடைய சட்டைகளை மடித்து வைத்தேன். யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மிஷின் கஸ்டம்ஸிலிருந்து வெளியே வந்துவிட்டது. சிவத்தின் ஸ்டோரில் இருக்கிறது. குளுவாங் அம்மா இன்று வந்து பார்த்திருக்கிறார். பிடிக்கவில்லை.

"என்னவாம்?"

"ரொம்பத் தணிவா இருக்குதாம் அண்ணி. நின்னு வேல செஞ்சா முதுகு போயிடும்ங்கறாங்க. எனக்கும் பாத்தப்ப சந்தேகமாத்தான் இருந்திச்சி, போட்டோல இருந்த மாதிரி இல்ல. கோயம்புத்தூருக்கு போன் அடிச்சிக் கேட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அண்ணன்தான் மிஷினோட காலக் குறைக்கச் சொன்னாராம். 'என் வீட்டுக்காரி குள்ளம், அவ உயரத்துக்குச் செஞ்சு குடுங்க'ன்னு சொல்லி அளவு அனுப்பியிருக்காரு. அவங்ககிட்ட இன்னும் அந்த மெசேஜ் இருக்கு."

போனை வைத்துவிட்டேன்.

என்னை எப்போது அளந்தார்? தூங்கும்போதா? சமையல் மேடையைப் பார்த்தா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை. இனி யாரிடம் கேட்பது.

ஜூலை 12, சனி

நி. காரை ஓட்டினாள். பாசிர் கூடாங்கில் சிவத்தின் ஸ்டோருக்குப் போனோம்.

ஸ்டோரில் எண்ணெய் நாற்றம், அட்டைப் பெட்டிகள். ஒரு மூலையில் மிஷின். நினைத்ததைவிடச் சின்னது. பக்கத்தில் போய் நின்றேன். மாவு போடும் வாய்க்குக் கை நேராகப் போனது. தட்டு எடுக்கும் இடம் இடுப்புக்குச் சரியாக இருந்தது. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம். என் வீட்டில் எந்தச் சாமானும் எனக்கு இப்படிப் பொருந்தியதில்லை. அலமாரிக்குக்கூட முக்காலி போட்டுத்தான் ஏறுகிறேன்.

சிவம் தள்ளியே நின்றார். நி. என் தோளில் கை வைத்தாள்.

"இனி வேற ஆளு பாக்க வேண்டாம் தம்பி. நானே வெச்சிக்கறேன்."

"வரி அண்ணி..."

"கட்டறேன். முழுசா நானே கட்டறேன். மீதிக்கு மட்டும் மூணு மாசம் டைம் குடுங்க."

"எப்ப வேணா குடுங்க அண்ணி" என்று திரும்பிக்கொண்டார். முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

வரும் வழியில் நி. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். அப்பா போன அன்றும் அவள் அழவில்லை. நான் ஸ்டியரிங்கில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

அண்ணனிடம் சொல்ல வேண்டும். திட்டுவார்.

ஜூலை 13, ஞாயிறு

திட்டினார். பிறகு, எப்போது வந்து தூக்கி இறக்க வேண்டும் என்று கேட்டார்.

கேன்டீன் வேலை காலை ஷிஃப்ட் மட்டும். மத்தியானத்துக்கு மேல் முறுக்கு. முடியுமா, தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

மிஷின் வந்துவிட்டது. சிவமும் அண்ணனுமாகப் பின்கட்டில் இறக்கினார்கள். வரி கட்டிய ரசீதைச் சிவம் கொடுத்தார். சாமி மாடத்தில் வைத்தேன், எதற்கென்று தெரியாமலே.

அவர்கள் போன பிறகு கொஞ்சமாக மாவு பிசைந்து போட்டுப் பார்த்தோம். முதல் தட்டில் எல்லாம் அறுந்து அறுந்து விழுந்தது. தண்ணீர் கம்மி. இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவது தட்டில் ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் வரிசையாக, வட்டம் வட்டமாக. நி. கைதட்டினாள். நான் கார் நிறுத்தும் பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன்.

நி. மிஷினை நிறுத்தினாள்.